உடம்பில் பரவிய புற்றுநோய் முதலில் கண்ணில் தெரியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன். டாக்டர் இல்லை. நோயாளி டாக்டரிடம் போவதற்கு முன் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, பவர் பார்த்து, சொட்டு மருந்து ஊற்றி, பழைய நோய்க்கதையைக் கேட்டுச் சீட்டில் எழுதும் ஆள். இந்த விஷயத்தைப் பற்றி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் சொந்தக்காரர்களும் பல வருஷமாக என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் கண்ணைப் பார்த்த டாக்டர் சொல்வதுதான் உங்களுக்குக் கடைசி வார்த்தை.

ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது. இணையத்தில் தேடினால் கேன்சர் என்று வருகிறது. அதுவாக இருக்குமா?

இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருகிறது, அறுபதில் புரை வருகிறது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கண் உலர்ச்சி, ஸ்டீராய்டு மாத்திரையாலோ மன அழுத்தத்தாலோ விழித்திரைக்கு அடியில் நீர் கோர்ப்பது என்று மங்கலுக்கு நூறு காரணம் உண்டு. ஒரு நாளில் நாங்கள் பார்க்கும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கண்ணாடியோடோ புரை ஆபரேஷன் தேதியோடோ வீடு திரும்புகிறார்கள்.

ஆனால் முன்பு எப்போதாவது புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாகப் பார்வைக் கோளாறு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அவர் 'வயசாச்சு' என்று தள்ளிப் போடக்கூடாது. இந்தப் பக்கம் பெரும்பாலும் அவர்களுக்காகத்தான்.

மார்பிலோ நுரையீரலிலோ உள்ள புற்றுநோய் கண்ணுக்கு எப்படி வந்து சேர்கிறது?

ரத்தத்தின் வழியாக. கண்ணுக்குள்ளே நிணநீர்ப் பாதை கிடையாது. அதனால் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவதுபோல இங்கே நடப்பதில்லை. விழிக்கோளம் ஒரு நெல்லிக்காய் அளவுதான், குறுக்கே சுமார் 24 மில்லிமீட்டர். அதன் பின்சுவரில் விழித்திரைக்கும் வெளி வெள்ளைக்கும் நடுவே கோராய்டு என்ற ரத்தநாளப் படலம் இருக்கிறது. தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வரும். கண்ணுக்கு வரும் ரத்தத்தின் பெரும்பகுதி இந்த மெல்லிய படலத்துக்குத்தான் போகிறது. மூலக் கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் மிதந்து வரும் செல்களுக்கு இறங்கி ஒட்டிக்கொள்ள இதைவிடத் தோதான இடம் கண்ணில் வேறு இல்லை.

அங்கே அது வளரும்போது மேலே இருக்கும் விழித்திரை லேசாக மேடு தட்டுகிறது, அடியில் நீர் கோர்க்கிறது. நோயாளிக்குத் தெரிவது இந்த நீரும் மேடும்தான். கட்டி தானாகத் தெரியாது.

பெரியவர்களுக்குக் கண்ணுக்குள் வரும் புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது இப்படி வேறிடத்திலிருந்து வந்ததுதான். கண்ணிலேயே பிறந்த கட்டிதான் அதிகம் என்று நினைத்திருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

எந்தப் புற்றுநோய்கள் கண்ணுக்குப் போகின்றன?

மார்பகமும் நுரையீரலும் முதல் இரண்டு இடத்தில். குடல், சிறுநீரகம், புராஸ்டேட், தைராய்டு, தோலின் நிறமிச் செல்களில் வரும் மெலனோமா எல்லாம் எப்போதாவது.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையில் ஷீல்ட்ஸ் தம்பதியரின் குழு 1997இல் வெளியிட்ட கணக்கைக் கண் மருத்துவத்தில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 420 நோயாளிகள், 520 கண்கள், மொத்தம் 950 கட்டிகள். அதில் 88 சதவீதம் கோராய்டில், 9 சதவீதம் கருவிழிக்குப் பின்னால் உள்ள ஐரிஸில், மிச்சம் சிலியரி தசைப் பகுதியில். மூலம் மார்பகம் என்றிருந்தது 47 சதவீதம் பேருக்கு, நுரையீரல் 21 சதவீதம். 17 சதவீதம் பேருக்கு மூலம் எது என்றே தெரியவில்லை. அது இப்போதைய ஸ்கேன் வசதிகள் பரவுவதற்கு முந்திய காலம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கண் டாக்டரிடம் போனபோதுதான் புற்றுநோய் இருப்பதே தெரியவந்தது என்கிறார்களே. அப்படியும் நடக்குமா?

நடக்கும். மேலே சொன்ன 420 பேரில் 142 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, கண்ணில் பார்க்கும்வரை உடம்பில் புற்றுநோய் இருந்த விவரமே தெரியாது. அதன்பின் உடம்பு முழுக்கச் சோதித்ததில் 35 சதவீதம் பேருக்கு நுரையீரலில் இருந்தது, 7 சதவீதம் பேருக்கு மார்பகத்தில்.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் உண்டு. மார்பகக் கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, ஆபரேஷன் நடக்கிறது, வருஷங்கள் கழித்துக் கண்ணுக்கு வருகிறது. நுரையீரல் கட்டி அப்படி முன்கூட்டிச் சொல்லிக்கொள்வதில்லை. இருமல் கூட இல்லாமல் உள்ளேயே வளர்ந்து, முதல் புகாரே கண்ணிலிருந்து வரலாம். சிகரெட் பிடிக்காதவருக்கு வராது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஆசிய நாடுகளில் புகைப்பழக்கமே இல்லாத பெண்களுக்கு, ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றத்தோடு வரும் நுரையீரல் புற்று சாதாரணமாகப் பார்க்கப்படும் ஒன்று.

அறிகுறிகள் எப்படி இருக்கும்?

நோயாளிகள் பாடப்புத்தக மொழியில் பேசுவதில்லை. அவர்கள் சொல்வதை அப்படியே தருகிறேன்.

"ஜன்னல் கம்பி நெளிஞ்சு தெரியுது." நேர்கோடு வளைந்து தெரிவது விழித்திரையின் நடுப்பகுதி மேடு தட்டியதற்கு அடையாளம். மாக்குலா என்ற அந்த நடுப்பகுதி வயதினால் தேய்ந்தாலும் இப்படி வரும்.

"படிக்கிற இடத்துல மட்டும் தண்ணி சொட்டு விழுந்த மாதிரி இருக்கு." நடுப்பார்வையில் ஒரு கறை. சுற்றிலும் தெளிவு.

"ஓரத்துல திரை இறங்குது." விழித்திரைக்கு அடியில் நீர் கூடுதலாகி, விழித்திரை பிரிந்து நிற்கும் நிலை. இது எந்தக் காரணத்தால் வந்தாலும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

"கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுது", "கொசு பறக்குது." இவை இரண்டும் வயதானால் யாருக்கும் வரலாம். பெரும்பாலும் கண்ணுக்குள் உள்ள ஜெல் சுருங்குவதால். ஆனாலும் புதிதாக வந்தால் ஒருமுறை கண்மணியை விரித்துப் பார்த்துவிட வேண்டும்.

"கண்ணாடி மாத்தி ஆறு மாசம்கூட ஆகல, மறுபடி பவர் ஏறிடுச்சு." பின்சுவர் மேடாகும்போது கண்ணின் நீளம் குறைந்து ப்ளஸ் பவர் கூடும். ஒரு கண்ணில் மட்டும் இப்படித் திடீரென ஏறினால் எனக்கே கை ஒரு நிமிடம் நிற்கும்.

ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் பழக்கம் நம்மில் யாருக்கும் இல்லை. ஒரு கண் பாதி போயிருந்தாலும் மற்றது சமாளித்துவிடும். தாலி பிரித்துக் கோக்கும் அன்று ஊசியில் நூல் கோக்கும்போதுதான் ஒரு பாட்டிக்கு இடது கண் தெரியவில்லை என்பதே தெரிந்தது. மாதம் ஒருமுறை, உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தினக் காலண்டரின் கட்டங்களையோ கதவு நிலையையோ பாருங்கள். பிறகு மற்றதை. அரை நிமிட வேலை.

வலி இருக்குமா?

பெரும்பாலும் இல்லை. அதனால்தான் தாமதமாகிறது. நுரையீரலிலிருந்து வந்ததில் சிலருக்கு வலி இருக்கும். ஐரிஸில் வந்தால் கண் சிவந்து, அழுத்தம் கூடி வலிக்கலாம்.

கண்ணுக்குள் இல்லாமல், கண்ணைச் சுற்றி வந்தால்?

விழி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியிலும் பரவும். அப்போது ஒரு கண் முன்னால் தள்ளி நிற்கும், இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். இரட்டைப் பார்வையில் ஒரு சிறு சோதனை: ஒரு கண்ணை மூடியதும் இரட்டை மறைந்தால் இரண்டு கண்ணும் ஒரு திசையில் நிற்கவில்லை என்று பொருள். தசை, நரம்பு, குழி, மூளை இவற்றில் எங்கோ சிக்கல். மூடிய பிறகும் ஒரே கண்ணில் இரட்டையாகவே தெரிந்தால் பெரும்பாலும் புரையோ பவரோ.

ஒரு விசித்திரம். மார்பகப் புற்றில் ஒரு வகை, தழும்பு போல இறுகும் தன்மை கொண்டது. அது கண் குழிக்கு வந்தால் விழியை வெளியே தள்ளாது, உள்ளே இழுத்துவிடும். ஒரு கண் மட்டும் குழி விழுந்து சிறிதாகத் தெரியும். வீட்டில் 'இளைச்சுட்டாங்க' என்பார்கள். மார்பகச் சிகிச்சை எடுத்த பெண்ணுக்கு ஒரு கண் மட்டும் குழிந்தால் பழைய ஃபோட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன வருஷக் கல்யாண ஆல்பம் போதும்.

ஒரு பக்க இமை இறங்கி, கண்மணி சிறுத்தால் நுரையீரலைப் பார்க்கச் சொல்கிறார்கள். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்?

கண்மணியை விரிக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வருவதில்லை. முதுகுத்தண்டு வழியாக நெஞ்சு வரை இறங்கி, நுரையீரலின் உச்சியைத் தொட்டபடி கழுத்தில் ஏறி, பிறகு கண்ணுக்குப் போகிறது. நுரையீரல் உச்சியில் கட்டி வந்தால் இந்த நரம்பு நசுங்கும். அந்தப் பக்க இமை ஓரிரு மில்லிமீட்டர் இறங்கும், கண்மணி சிறுக்கும், முகத்தின் அந்தப் பாதியில் வியர்க்காது. 1869இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் ஹார்னரின் பெயரால் ஹார்னர் சிண்ட்ரோம் என்கிறார்கள். அந்த உச்சிக் கட்டிக்கு அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஹென்றி பான்கோஸ்ட்டின் பெயர்.

இதில் கட்டி கண்ணுக்குப் பரவவில்லை. இருந்த இடத்திலிருந்தே கண்ணில் அடையாளம் காட்டுகிறது. கூடவே தோள்பட்டை வலி, கையின் உட்புறம் சுண்டுவிரல் வரை இழுப்பு இருக்கும். தேய்மானம் என்று மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வெளிச்சம் குறைந்த அறையில் கண்ணாடியில் பாருங்கள், கண்மணி வித்தியாசம் அங்கேதான் நன்றாகத் தெரியும்.

திடீரென, கழுத்து வலியோடு இது வந்தால் வேறு கதை. கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கிழிசல் இருக்கலாம். நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவு.

மூளைக்குப் பரவியது கண்ணில் தெரியுமா?

தெரியும், சில சமயம் தலைவலிக்கு முன்பே. மூளைக்குள் அழுத்தம் கூடினால் கண் நரம்பின் முனை வீங்குகிறது. குனிந்து எழும்போது சில நொடி கண் இருட்டிப் பிறகு தெளிவது அதன் அடையாளங்களில் ஒன்று. தூரத்தில் பார்க்கும்போது மட்டும் இரட்டையாகத் தெரிவது இன்னொன்று. மூளையின் பின்பக்கம் பார்வைப் பகுதியில் கட்டி இருந்தால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் பாதி போய்விடும். இவர்களுக்கு 'கண் தெரியல' என்ற புகார் வராது. தட்டில் வலது பக்கம் உள்ள கூட்டை மட்டும் தொடாமல் எழுந்து போவார்கள், கதவு நிலையில் ஒரே தோளை இடித்துக்கொள்வார்கள், பைக்கை ஒரே பக்கம் உரசிக்கொண்டு வருவார்கள்.

கண்ணில் கட்டியே இல்லாமல் புற்றுநோயால் பார்வை கெடுமா?

அரிதாக. சிறுசெல் நுரையீரல் புற்று போன்ற சிலவற்றில், கட்டியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ஆளைத் தவறாக அடையாளம் கண்டு விழித்திரையையே தாக்கும். இரண்டு கண்ணிலும் மினுமினுப்பு, மாலைக் கண் போல இருட்டில் தடுமாற்றம், வாரக்கணக்கில் சரியும் பார்வை. விழித்திரையைப் பார்த்தால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. இஆர்ஜி என்ற மின்சோதனையில்தான் பிடிபடும். மூலப் புற்று தெரிவதற்கு மாதக்கணக்கில் முன்பே இது வரலாம்.

கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். போதாதா?

போதாது. அந்த இயந்திரம் உங்கள் பவரை மட்டும் சொல்லும். வீட்டுக் கதவின் சாவித்துவாரம் வழியாகப் பார்த்தால் எதிர்ச்சுவரில் மாட்டிய காலண்டர் தெரியும், மூலையில் உள்ளது தெரியாது. விரியாத கண்மணி வழியாக விழித்திரையைப் பார்ப்பதும் அப்படித்தான். என் தொழில்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை: சொட்டு மருந்து ஊற்றிக் கண்மணியை விரித்துப் பார்க்காத எதையும் முழுக் கண் பரிசோதனை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அந்தப் பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

சொட்டு மருந்து லேசாக எரியும். அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொல்வோம். கண்மணி விரிந்ததும் டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸ் பிடித்து, மேலே கீழே வலது இடது என்று பார்க்கச் சொல்வார். வெளிச்சம் கூசும். கண்ணில் நீர் வழியும். அதற்கு மேல் எதுவும் இல்லை. நான்கைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெயில் தாங்காது. வண்டி ஓட்டி வராதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள்.

பரவிய கட்டி பெரும்பாலும் வெளிர்மஞ்சளாக, தட்டையாக, ஓரம் தெளிவில்லாமல் தெரியும். தோசைக்கல்லில் மெலிதாக ஊற்றிய மாவு மாதிரி என்று எங்கள் டாக்டர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வார். அதன்மேல் சிறுத்தைப்புள்ளி போல் பழுப்புத் திட்டுகள் இருக்கலாம். சந்தேகம் வந்தால் பி-ஸ்கேன் எடுப்பார்கள், வயிற்றுக்கு எடுப்பதுபோல மூடிய இமைமேல் ஜெல் தடவி. ஓசிடி என்ற ஒளி ஸ்கேன் எடுத்தால் விழித்திரையின் அடுக்குகள் அலை அலையாக மேடுபள்ளமாகத் தெரியும். தேவைப்பட்டால் கையில் மஞ்சள் சாயம் ஏற்றி ஃபோட்டோ எடுப்பார்கள். மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போகும், மஞ்சள் காமாலை என்று பதற வேண்டாம்.

அதன்பிறகு கண்ணை விட்டு உடம்புக்குப் போவார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி அல்லது முழு உடம்புக்குப் பெட் சிடி, மார்பகத்துக்கு மேமோகிராம், தலைக்கு எம்ஆர்ஐ. மூலம் எங்குமே கிடைக்காவிட்டால் மட்டும் கண் கட்டியிலிருந்தே நுண்ணூசியால் செல் எடுப்பதுண்டு.

கண்ணிலேயே பிறக்கும் மெலனோமாவும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. மெலனோமா பொதுவாக ஒரே கண்ணில், ஒரே கட்டியாக, கருமை கலந்து, சில சமயம் காளான் வடிவில் வளரும். நம் ஊர்க்காரர்களுக்கு அரிது. வெள்ளைத் தோல், நீலக் கண் உள்ளவர்களுக்கு அதிகம். பரவி வந்தவை, முக்கியமாக மார்பகத்திலிருந்து வருபவை, இரண்டு கண்ணிலும் பல இடத்தில் இருக்கலாம்.

டாக்டர்களையே ஏமாற்றும் இன்னொன்று லிம்ஃபோமா, வெள்ளை அணுக்களில் வரும் ஒரு புற்று. அறுபது வயதுக்காரருக்குக் கண்ணுக்குள் அழற்சி என்று ஸ்டீராய்டு கொடுப்பார்கள். குறையும், நிறுத்தினால் திரும்பும். இப்படி மூன்று தடவை ஆனால் அது வெறும் அழற்சிதானா என்று கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பில்லை. அதேபோல வயதானவர் இமையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டியும். நீர்க்கட்டி என்று கீறிவிட்டு அனுப்பாமல் திசுச் சோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பத்து வருஷத்துக்கு முன் வந்த புற்றுநோயைக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். நாங்கள் சீட்டு எழுதும்போது "சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா? ஆஸ்துமா? மருந்து அலர்ஜி?" என்று ஒரே மூச்சில் கேட்போம். கேன்சர் இருந்ததா என்று கேட்க எங்களுக்கும் கூச்சம். அது எங்கள் பக்கத்துக் குறை.

நோயாளிகள் பக்கமும் ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. 'கட்டி எடுத்தாங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். நோயாளியிடமே மறைத்துவிடுவோம்.

அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா, மகனோடு வந்தார். தண்ணீர்ச் சொட்டு விழுந்தாற்போல் நடுவில் மறைக்கிறது என்று சொன்னது அவர்தான். சர்க்கரை உண்டு. ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா என்றேன். "மார்ல ஒரு கட்டி இருந்துச்சு சார். நல்ல கட்டிதான்னாங்க, எடுத்தாச்சு." மகன் சுவரில் ஒட்டியிருந்த கண்தான போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதம் முன்பு வேறு ஓர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். சர்க்கரையால் வந்த விழித்திரை வீக்கம், கண்ணில் ஊசி போட வேண்டும் என்றிருக்கிறார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. சர்க்கரைக்காரருக்கு நடுவில் நீர் கோர்த்தால் முதலில் அதைத்தான் யாரும் நினைப்பார்கள்.

சொட்டு மருந்து ஊற்றி அம்மாவைக் கண்ணை மூடி உட்காரவைத்துவிட்டு வந்தேன். குடிதண்ணீர் டிரம் பக்கத்தில் மகன் வந்து நின்றார். "அண்ணே, அது கேன்சர்தான். ஆறு வருஷம் ஆச்சு. கீமோ எல்லாம் குடுத்தோம். அம்மாவுக்குத் தெரியாது, சத்து ஊசின்னு சொல்லி வச்சிருக்கோம். கண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா என்னன்னு தெரியல, அதான்..." சீட்டில் அதை ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு உள்ளே வைத்தேன். டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டு, சர்க்கரை பாதிக்கும் விழித்திரையோடு நிற்காமல் அதற்கு அடியில் உள்ள படலத்தையும் சேர்த்துத் தேடினார். வலது கண்ணில் ஒன்று, அம்மா எந்தப் புகாரும் சொல்லாத இடது கண்ணில் இரண்டு.

மகன் தண்ணீர் குடிக்க எழுந்து வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்னும் தோன்றுவதுண்டு. வீட்டில் மறைப்பது உங்கள் முடிவு. டாக்டரிடமும் என்னைப்போல் சீட்டு எழுதுகிறவரிடமும் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.

புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்கள் எல்லோரும் அறிகுறி இல்லாமலே கண்ணைச் சோதிக்க வேண்டுமா?

அப்படி எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதில்லை. அறிகுறி வந்தால் தாமதிக்காமல் வருவதுதான் நடைமுறை. வருஷம் ஒருமுறை எப்படியும் சர்க்கரைக்காகக் கண் பார்ப்பவர் அன்று ஞாபகமாகச் சொன்னால் போதும்.

கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. கண் மங்கினால் பரவிவிட்டது என்று அர்த்தமா?

மருந்தாலும் இருக்கலாம். டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து கண்ணீர்ப் பாதையை அடைத்து ஓயாமல் நீர் வடியவைக்கும். பாக்ளிடாக்செலில் அரிதாக விழித்திரை நடுவில் நீர் கோர்க்கும். மார்பகப் புற்றுக்கு வருஷக்கணக்கில் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு விழித்திரையில் மினுமினுப்பான படிகத்துகள் சேரும். ஸ்டீராய்டால் புரையும் கண் அழுத்தமும் வரும். நுரையீரல் புற்றுக்கான கிரிசோடினிப் மாத்திரை சாப்பிடுபவர்கள் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது விளக்குக்கு வால் முளைத்தது போலத் தெரிகிறது என்பார்கள். அதே புற்றுக்குக் கொடுக்கும் எர்லோடினிப் போன்றவற்றில் கண் இமை முடி நீளமாக, சுருண்டு வளரும். தலைமுடி போன வருத்தத்தில் இருந்த ஒரு அக்கா அதை மட்டும் பெருமையாகக் காட்டினார். ஆனால் உள்நோக்கி வளர்ந்து கருவிழியில் உரசினால் வெட்டிவிட வேண்டும்.

எது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிகிச்சை உண்டா? கண்ணை எடுத்துவிடுவார்களா?

கண்ணை எடுப்பது மிக அரிது. பார்வை முற்றிலும் போய், அழுத்தம் கூடி, தாங்க முடியாத வலி இருந்தால்தான். கண்ணுக்கு வந்தது உடம்பின் மற்ற இடங்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் முதல் சிகிச்சை உடம்புக்குத்தான். மார்பகப் புற்றின் செல்லில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஹார்மோன் ஏற்பி இருந்தால் அதற்கான மாத்திரை, ஹெர்-2 என்ற புரதம் அதிகம் இருந்தால் டிராஸ்டுசுமாப் போன்றவை, நுரையீரலில் மரபணு மாற்றம் இருந்தால் ஓசிமெர்டினிப், அலெக்டினிப் வகை மாத்திரைகள். இந்த மாத்திரைகளிலேயே கண் கட்டியும் சுருங்கி, கண்ணுக்கென்று தனியாக ஒன்றும் செய்யாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

நடுப்பார்வை ஆபத்தில் இருந்தால் காத்திருக்க நேரமில்லை. வெளியிலிருந்து கதிர்வீச்சு, மொத்தம் 30 முதல் 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரம் ஐந்து நாளாக இரண்டு முதல் நான்கு வாரம். ஒரு தடவை படுத்து எழ சில நிமிடம்தான். பெரும்பாலானவர்களுக்குக் கட்டி தட்டையாகி நீர் வற்றும். பார்வை எவ்வளவு திரும்பும் என்பது எத்தனை நாள் அந்த நீர் அங்கே நின்றது என்பதைப் பொறுத்தது. பின்னாளில் கண் உலர்ச்சி, புரை, சிலருக்கு விழித்திரைப் பாதிப்பு வரலாம். ஒரே சிறு கட்டி என்றால் கதிரியக்கத் தகடு, லேசர் வகைச் சிகிச்சை, கண்ணில் ஊசி ஆகியவையும் உண்டு.

எவ்வளவு காலம் என்று கேட்கலாமா?

கேட்கலாம். கண் டாக்டரிடம் கேட்காதீர்கள், புற்றுநோய் டாக்டரிடம் கேளுங்கள். கண்ணுக்கு வந்திருந்தால் அது பரவிய நிலைதான், நாலாம் கட்டம்தான், இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. பழைய புத்தகங்களில் மாதக்கணக்கு எழுதியிருக்கும். மூலம் எது, எந்த மருந்துக்கு மசியும் வகை என்பதை வைத்து இன்று வருஷக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக ஹார்மோன் வகை மார்பகப் புற்றில். அந்த வருஷங்களில் பேரப்பிள்ளையின் முகம் தெரிவதும் தெரியாததும் பெரிய வித்தியாசம். கண் சிகிச்சை அதற்காகத்தான்.

குழந்தைகளுக்கு?

இரண்டு விஷயம். அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கன்றிப்போய் நீலம் பாரித்தால், கண் முன்தள்ளினால், வயிற்றில் அட்ரினல் சுரப்பிப் பக்கம் வரும் நியூரோபிளாஸ்டோமா பரவியதாக இருக்கலாம். பிள்ளையை யாரோ அடித்துவிட்டார்கள் என்று வீட்டில் சண்டை நடக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

மற்றது பரவியது இல்லை, கண்ணிலேயே பிறப்பது. ரெட்டினோபிளாஸ்டோமா. ஃபிளாஷ் போட்டு எடுத்த ஃபோட்டோவில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும், பூனைக்கண் போல மின்னும். மாறுகண்ணும் வரலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்று விட்டுவிடாமல் அந்த வாரமே காட்டினால் உயிரை மட்டுமில்லை, பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

கண் துடிக்கிறதே, அது?

தூக்கம் போதவில்லை, காப்பி அதிகம். ஆணுக்கு வலது துடித்தால் நல்லது, பெண்ணுக்கு இடது என்பதெல்லாம் உங்கள் பாட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ஐ, கண்கட்டி, அரிப்பு, பீளை இவையும் இந்தப் பக்கத்துக்குச் சம்பந்தமில்லாதவை.

எந்த டாக்டரிடம் போவது? என்ன எடுத்துப் போவது?

முதலில் எந்தக் கண் மருத்துவரும் சரி, அரசு மருத்துவக் கல்லூரி கண் பிரிவும் சரி. விரித்துப் பார்த்துச் சந்தேகம் வந்தால் விழித்திரை நிபுணருக்கு அனுப்புவார்கள். ஏற்கெனவே புற்றுநோய்க்குக் காட்டும் இடம் இருந்தால் அவர்களுக்கும் அன்றே ஒரு ஃபோன்.

கையில் வேண்டியது பழைய ஃபைல். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், எந்த மருந்து எத்தனை தடவை போட்டார்கள் என்ற தாள், கடைசியாக எடுத்த ஸ்கேன். பயாப்சி ரிப்போர்ட்டில் ஹார்மோன் ஏற்பி பற்றிய வரி ஒன்று இருக்கும், அடுத்த சிகிச்சை அதைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கும். மருந்துச் சீட்டு மட்டும் கொண்டு வந்தால் பாதி நாள் வீண்.

அந்த அம்மாவிடமும் எங்கள் டாக்டர் பொதுவாகத்தான் கேட்டார், பழைய ஆபரேஷன் ஃபைல் இருக்கிறதா என்று. மகன் "இல்ல சார், அது எங்க வச்சோம்னு..." என்று இழுத்தார். அம்மா விரிந்த கண் கூசாமல் இருக்க முந்தானையால் முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். முந்தானையை எடுக்காமலே சொன்னார்:

"ஏய்யா, உங்க சித்தப்பா வீட்டு பீரோவுல மேத்தட்டுல இருக்கு பாரு. போயி எடுத்துட்டு வா."